புகை போக மாட்டேன் என்கிறதே!

ஐப்பசி மாதம். விடிய விடிய மழை. விறகு நனைந்து விட்டது.

அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதுகிறாள் தாய். புகைதான் கிளம்புகிறது. தீ பிடிக்கவில்லை. கண்ணில் நீர் வழிகிறது. அவள் இருமுகிறாள். மடியில் இருக்கும் குழந்தையும் இருமுகிறது.

இந்தியாவில் இன்றும் பல கோடி வீடுகளில் விறகு அடுப்பு எரிகிறது. அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். சிறு குழந்தைகளுக்கு நிமோனியா வரவும் அது ஒரு காரணம். வீட்டுக்குள் சேரும் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டு இருக்கிறது.

ஈர விறகு

ஈர விறகு ஏன் புகைகிறது?

தீயின் சூடு முதலில் விறகில் உள்ள தண்ணீரை ஆவியாக்கப் போய்விடுகிறது. மிச்சச் சூடு போதாது. விறகு அரைகுறையாக எரிகிறது. எரியாமல் தப்பித்த பாகம்தான் புகை! காசு கொடுத்து வாங்கிய விறகில் ஒரு பங்கு, கூரை வழியாகப் பறந்து போகிறது.

வெயிலில் நன்றாகக் காய்ந்த, சிறிதாகப் பிளந்த விறகு என்றால் புகை குறையும். அடியோடு போகாது. வறட்டியின் புகையோ இன்னும் அதிகம்.

3½ கோடி அடுப்பு

அடுப்பை மாற்றினால் என்ன?

அதையும் செய்து பார்த்தார்கள். புகைபோக்கி வைத்த மண் அடுப்பை ஊர் ஊராகக் கொடுக்கும் திட்டத்தை 1983-ல் மத்திய அரசு தொடங்கியது. 2002 வரை சுமார் 3½ கோடி அடுப்புகள் கொடுக்கப்பட்டன.

பல வீடுகளில் அடுப்பு விரிசல் விட்டது. குழாயில் கரி அடைத்துக் கொண்டது. துடைப்பார் இல்லை. வெளியே போன புகை வீட்டுக்குள் திரும்பி வந்தது. அடைக்காத குழாயும் புகையை அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளியதே தவிர, அழிக்கவில்லை.

சாண எரிவாயு நல்லது. புகை இல்லை. மிஞ்சும் சாணக் கரைசல் வயலுக்கு உரம். ஆனால் 2 கன மீட்டர் வாயு கிடைக்க, தினம் 50 கிலோ சாணம் வேண்டும். அதாவது 4 அல்லது 5 மாடுகள்! ஒரு மாடும் இல்லாத வீடு என்ன செய்யும்?

கியாஸ் வந்தது

ஏழைப் பெண்களின் பெயரில் கியாஸ் இணைப்பு கொடுக்கும் 'உஜ்வலா' திட்டம் 2016 மே 1-ந் தேதி தொடங்கியது. 10 கோடிக்கு மேல் இணைப்புகள் கொடுக்கப்பட்டு விட்டன.

கியாஸ் வந்த வீட்டிலும் விறகு அடுப்பு அணையவில்லை. அவசரமாகக் காபி போட கியாஸ். வெந்நீர் வைக்க விறகு!

காரணம், சிலிண்டர் விலை. 14.2 கிலோ சிலிண்டருக்கு ஒரே தடவையில் பணம் கட்ட வேண்டும். தினக்கூலி வாங்குகிறவர்களுக்கு அது லேசான காரியமா? சுள்ளியோ சும்மா கிடைக்கிறது. பொறுக்கும் பெண்ணின் உழைப்புக்கு யாரும் விலை போடுவதில்லை.

உஜ்வலா சிலிண்டருக்கு 2022-ல் 200 ரூபாயும், 2023-ல் 300 ரூபாயும் மானியம் என்று அறிவித்தார்கள். ஆனால் முழுப் பணத்தையும் முதலில் கட்டவேண்டும். மானியம் பிறகுதான் பாங்கிக் கணக்குக்கு வரும்.

உஜ்வலாவில் 5 கிலோ சிறிய சிலிண்டரும் உண்டு. ஒரே தடவையில் பெரிய தொகை கட்ட முடியாதவர்கள் கியாஸ் ஏஜென்சியில் அதைக் கேட்கலாம். அதுவரை விறகைத் தாழ்வாரத்தில், மழைச் சாரல் படாமல் அடுக்கி வைக்க வேண்டியதுதான்.