'ரூட்டு தல': ரயிலில் காட்டும் கெத்து எங்கே போய் முடிகிறது?

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மின்சார ரயில்களில் மாணவர்கள் தாளம் தட்டிப் பாடுவது பழகிய காட்சி. அது எப்படி அரிவாள் வரை போகிறது?

யார் இந்த 'ரூட்டு தல'?

ஒரே ரூட்டில் ஒரே கல்லூரிக்குப் போகும் மாணவர்களின் தலைவர். 'இது எங்க ரூட்டு' என்பதில்தான் மோதல் தொடங்குகிறது. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் மாணவர்களை மாணவர்களே வெட்டினார்கள். 2024 அக்டோபரில், திருத்தணி பக்கமிருந்து மாநிலக் கல்லூரிக்கு வந்து படித்த மாணவர் ஒருவர் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்டு, சில நாட்களில் இறந்தார். பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் கைதானார்கள்.

ஏன் இந்தக் கெத்து?

படிப்பிலும் சமூகத்திலும் மதிப்பு கிடைக்காத இளைஞர்கள், தங்களுக்குள் தனி மதிப்பெண் முறையை உருவாக்கிக்கொள்கிறார்கள் என்றார் அமெரிக்க சமூகவியலாளர் ஆல்பர்ட் கோஹன், 1955-லேயே. அதில் அடிதடிதான் 'பாஸ்'. சீனியர்களின் பகை ஜூனியர்களுக்கு வந்து சேர்கிறது. இப்போது ரீல்ஸ் வேறு அதற்கு ஆடியன்ஸ் தருகிறது.

யாருக்கு நஷ்டம்?

வழக்கு பதிவானால் போலீஸ் வேலை முதல் பாஸ்போர்ட் வரை சிக்கல்தான். பல தனியார் நிறுவனங்களும் பின்னணியைப் பார்க்கின்றன. வீட்டின் முதல் பட்டதாரி ஆக வேண்டியவர், கோர்ட்டுக்கு வாய்தா வாங்க அலைகிறார்.