ஆவாரம்பூ சர்க்கரையின் வேகத்தைக் குறைப்பது எப்படி?

இராமநாதபுரத்தின் வறண்ட மண்ணில் நீரூற்றுவார் இல்லாமலேயே மஞ்சளாகப் பூக்கும் ஆவாரை, பட்டையால் தோல் பதனிடவும், பூவால் குளியல்பொடிக்கும் குடிநீர் எனப்படும் கசாயத்துக்கும் தமிழகத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. நீரிழிவுக்காரர்கள் அப்பூவை நாடுவது ஏன்?

சோற்றிலுள்ள மாவுச்சத்து, சர்க்கரைத் துகள்களை நெருக்கித் தொடுத்த மாலை எனக் கொண்டால், குடலின் சுவர் உதிரிப்பூவை மட்டுமே உள்ளே விடும் வாசலாகும். மாலையை அறுக்கும் கத்தரிகளே நொதிகள், அதாவது உடலின் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்கள். உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ளவை அதைத் துண்டுகளாக்க, சிறுகுடல் சுவரிலுள்ளவை அத்துண்டுகளை உதிர்த்துவிடுகின்றன.

ஆவாரம்பூச் சாற்றிலுள்ள பொருள்கள் இந்தக் கடைசிக் கத்தரியைப் பற்றிக்கொண்டு அறுப்பை மெதுவாக்குவதால், உணவுக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாகப் பாயாமல் சிறுகச் சிறுகச் சேர்கிறது என எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அகார்போஸ் என்னும் நீரிழிவு மாத்திரையும் இவ்வழியிலேயே செயற்படுகிறது.

சித்த மருத்துவத்தின் ஆவாரைக் குடிநீரில் கொன்றை, நாவல், மருதம்பட்டை முதலியவற்றோடு கடலழிஞ்சிலும் சேர்வது வியப்புக்குரியது. ஏனெனில், அதே நொதியை வலுவாகத் தடுக்கும் சலாசினால் என்னும் பொருளை 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தது அச்செடியிலிருந்துதான்.

எனினும் எலியில் கண்டது மனிதரிடம் அதே அளவில் நிகழும் என்பதற்கு உறுதியில்லை. மாத்திரையோடு இக்குடிநீரையும் சேர்த்தால் சர்க்கரை அளவுமீறித் தாழக்கூடும் என்பதால், அதைப் பருகுவோர் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது.