காயலான் கடைக்குப் போகாத கார்கள்

1959-ஆம் ஆண்டு காடிலாக் காரைப் பின்னாலிருந்து ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது மறக்காது. கிட்டத்தட்ட 19 அடி நீள வண்டி. பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் உயர்ந்து நிற்கும் வால்துடுப்புகள். ஒவ்வொரு துடுப்பிலும் தோட்டா வடிவில் இரண்டு சிவப்பு விளக்குகள். அந்தத் துடுப்பால் வண்டியின் வேகம் கூடவில்லை, ஒரு சொட்டு பெட்ரோலும் மிச்சமாகவில்லை. பார்க்கிறவர் கண் அங்கே நிற்க வேண்டும் என்பதற்காகவே வைத்தது. நின்றது, இன்றும் நிற்கிறது.

துடுப்பைத் தொடங்கிவைத்தவர் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல். இரட்டை வால் கொண்ட பி-38 போர் விமானத்தைப் பார்த்து அவருடைய குழு கிறங்கிப் போனது. 1948 காடிலாக்கில் சிறு மேடாக முளைத்தது அந்த வால். பத்தே ஆண்டில் மற்ற கம்பெனிகளும் போட்டிக்கு வர, மேடு துடுப்பாக வளர்ந்துவிட்டது. காரை முதலில் களிமண்ணில் முழு அளவில் செய்து பார்க்கும் முறையை டெட்ராய்ட்டில் நிலைநாட்டியவரும் ஏர்ல்தான். என் கணிப்பில், 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தெருவின் தோற்றத்தை அவர் அளவுக்கு மாற்றிய தனிமனிதர்கள் மிகக் குறைவு.

அவருக்கு இன்னொரு நோக்கமும் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. 1930-களில் ஒருவர் ஒரு காரைச் சராசரியாக ஐந்து ஆண்டு வைத்திருந்தார், இப்போது இரண்டு ஆண்டு, அது ஓராண்டாகக் குறைந்தால் எங்களுக்கு முழு வெற்றி என்று 1950-களின் நடுவில் வெளிப்படையாகச் சொன்னார். ஆண்டுதோறும் முகப்பை மாற்று, குரோம் பட்டையை மாற்று, போன வருடத்துக் காரைப் பார்த்தால் வைத்திருப்பவருக்கே கூச்சமாக இருக்க வேண்டும். கம்பெனியின் வியாபாரக் கணக்கு இதுதான்.

ஓராண்டில் பழசாகிவிட வேண்டும் என்று செய்த அந்தக் கார்கள்தாம் எழுபது ஆண்டு கழித்தும் ஓடுகின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. யார் காப்பாற்றினார்கள்? செய்த கம்பெனி அல்ல. வாங்கியவர்களும், அவர்களிடமிருந்து இரண்டாம் கை, மூன்றாம் கையாக வாங்கியவர்களும், கிரீஸ் படிந்த விரல்களோடு அவற்றைப் பிரித்துப் பூட்டியவர்களும்தான்.

1955-இல் ஷெவர்லே பெல் ஏர் புது வடிவில் வந்தது. அதுவரை அந்தக் காலத்து ஷெவர்லே என்றால் ஆறு சிலிண்டர். எட் கோல் என்ற பொறியாளரின் குழு அதற்குச் சிறிய, எடை குறைந்த வி-8 இன்ஜின் ஒன்றைச் செய்து கொடுத்தது. நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய காரில் அப்படியொரு இழுப்பு! அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் 100 கோடி டாலருக்கு மேல் லாபம் ஈட்டியது. அதற்கு முன் எந்த அமெரிக்கக் கம்பெனியும் தொடாத தொகை. 1950-இல் தொழிற்சங்கத் தலைவர் வால்டர் ரூதர் அந்தக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் விலைவாசியோடு ஏறும் சம்பளமும் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் இருந்தன. அசெம்பிளி லைனில் கதவு மாட்டிய தொழிலாளி அதே காரை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்த முடிந்தது. அந்தக் காலத்தைப் பற்றி அமெரிக்கர்கள் ஏங்கிப் பேசும்போது, குரோமைவிட இதற்காகத்தான் அதிகம் ஏங்குகிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

1957 பெல் ஏரில் ஒரு நுணுக்கம். பெட்ரோல் ஊற்ற மூடியைத் தேடினால் கிடைக்காது. இடது துடுப்பின் ஓரத்தில் செங்குத்தாக ஓடும் குரோம் பட்டையில் சிறு கதவு ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் உள்ளே மூடி. பானெட்டைத் தூக்கினால் இன்னும் நல்ல காட்சி. இன்ஜினைச் சுற்றித் தாராளமான இடம், இடுக்கு வழியே குனிந்து பார்த்தால் கீழே தரை தெரியும். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ எல்லாம் கைக்கு எட்டும் தூரம். நாலு ஸ்பானர், ஒரு ஸ்குரூடிரைவர், கொஞ்சம் பொறுமை இருந்தால் பதினாறு வயதுப் பையன் கழற்றி மாட்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் செய்ததும் அதுதான். கார் கலாசாரம் என்று நாம் சொல்வதில் பாதி, இப்படி வீட்டு கராஜில் பிறந்தது.

மீதிப் பாதி சாலையில் பிறந்தது. 1956-இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு வழி திறந்தது. காரிலிருந்து இறங்காமலே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகள் அந்தப் பத்தாண்டின் இறுதியில் 4,000-ஐத் தாண்டின. மோட்டல்களும் ஹம்பர்கர் கடைகளும் சாலையோரம் பெருகின.

அந்தச் சாலை எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கவில்லை. காசு கொடுத்துக் கார் வாங்கிய கறுப்பினக் குடும்பத்துக்கு வழியில் தங்க அறை கிடையாது, பல இடங்களில் கழிப்பறைகூடக் கிடையாது. ஹார்லெமைச் சேர்ந்த விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற தபால்காரர், அவர்களை மரியாதையாக ஏற்கும் விடுதிகளையும் பெட்ரோல் பங்குகளையும் தொகுத்து 1936 முதல் கையேடு வெளியிட்டார். முப்பது ஆண்டு அது தேவைப்பட்டது. காரும் உயிருக்கு உத்தரவாதம் தரவில்லை. வளையாத ஸ்டீயரிங் தண்டு ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி நிற்கும். டாஷ்போர்டு முழுக்க இரும்பு. ரால்ஃப் நேடர் என்பவர் 1965-இல் இந்த ஆபத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிப் போராடிய பிறகுதான், அடுத்த ஆண்டு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த 1966-இல் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் 50,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பாது.

காப்பாற்றிய கைகளுக்கு வருவோம். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழைய ஷெவர்லேக்களை மலிவாக வாங்கினார்கள். டிக்கியில் மணல் மூட்டையை ஏற்றி, ஸ்பிரிங்கை வெட்டி, வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தினார்கள். மற்றவர்கள் பந்தயம் விட்டபோது இவர்கள் விட்டியர் பூல்வார்டு என்ற சாலையில் தேர் ஊர்வலம்போல மெதுவாக நகர்ந்தார்கள். அது போலீஸ் கண்ணை உறுத்தியது. காரின் எந்தப் பாகமும் சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்று கலிஃபோர்னியா 1958-இல் சட்டமே போட்டது.

ரான் அகிர்ரே என்ற இளைஞர் விமானத்தில் பயன்படும் ஹைட்ராலிக் பம்புகளைத் தன் கொர்வெட் காரில் பொருத்தினார். விசையைத் தட்டினால் வண்டி உயரும், சட்டத்துக்கு உட்பட்டு நிற்கும். போலீஸ் போனதும் மறுபடி இறங்கும். ஒரு தடைக்குப் பதிலடியாக ஒரு கலையே கிடைத்தது. ஜெஸ்ஸி வலாடெஸ் என்பவர் தன் 1964 ஷெவர்லே இம்பாலாவுக்கு இளஞ்சிவப்பு அடித்து, உடல் முழுக்கக் கையால் ரோஜாக்கள் தீட்டவைத்தார். 'ஜிப்ஸி ரோஸ்' என்ற அந்த வண்டி இன்று அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பட்டியலில் இருக்கிறது. தாழ்ந்த கார்கள் மீதான கலிஃபோர்னியத் தடை 2024 ஜனவரி 1 அன்றுதான் நீங்கியது. ஓர் அநீதி ஒழிய அறுபத்தைந்து ஆண்டு ஆகியிருக்கிறது.

கியூபாவின் ஹவானாவில் கதை வேறு. புரட்சிக்குப் பின் அமெரிக்கத் தடை வந்தது. புதுக் காரும் நின்றது, உதிரி பாகமும் நின்றது. 2011 வரை கியூபாவில் தனிமனிதர் தடையில்லாமல் வாங்கி விற்க முடிந்தது 1959-க்கு முந்தைய கார்களை மட்டுமே. ஆகவே தாத்தாவின் பியூக் பேரனுக்குச் சொத்து, அதுவே டாக்ஸி, அதுவே குடும்பத்தின் சோறு. பானெட்டைத் திறந்தால் உள்ளே ரஷ்ய இன்ஜின் இருக்கும், அல்லது ஜப்பானிய, கொரிய டீசல் இன்ஜின். பிரேக் பாகத்தைப் பட்டறையிலேயே கடைந்து செய்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் அதைப் பழம்பெருமை என்று படம் பிடிக்கிறார்கள். அந்த மெக்கானிக்கின் பிழைப்பும் திறமையும் அதில் இருப்பதைப் பார்ப்பவர்களுக்கே அந்தக் கார் முழுதாகத் தெரியும்.

நம் ஊருக்கும் இந்தக் கார்கள் வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் கார்களைப் பூட்டியது. பிறகு பிரீமியர் நிறுவனம் கிரைஸ்லரோடு ஒப்பந்தம் செய்து டாட்ஜ், டிசோட்டோ, பிளைமவுத் கார்களை அங்கே இறக்கியது. மில் முதலாளிகளும் சினிமாக்காரர்களும் வாங்கிய அந்த வண்டிகளில் சில இன்னும் ஏதோவொரு ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்று இருந்தால், காயலான் கடைக்காரரை அழைக்கும் முன் ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்திருக்கிறது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும்.