இரவுப் பணியும் உடற்கடிகாரமும்

இரவு பதினொரு மணிக்கு ஊர் அடங்கிவிட்டது என்கிறோம். ஆனால் அந்த நேரத்திலும் கோவைப் பகுதியின் நூற்பாலைகளில் கதிர்கள் சுழன்றுகொண்டிருக்கின்றன. நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் எரிகின்றன. மருத்துவமனைகளில் செவிலியர்கள் விழித்திருக்கின்றனர். இதைப் படிக்கும் மாணவர்களுள் சிலருடைய தந்தையோ தாயோ இவர்களில் ஒருவராக இருக்கக்கூடும். நீங்கள் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் அவர் படுக்கையை விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. இரவெல்லாம் கண்விழித்து உழைத்தவர் மற்றவர்களைக் காட்டிலும் நீண்ட நேரம் உறங்கவேண்டும் அல்லவா? நடப்பதோ வேறு. காலை எட்டு மணிக்குப் படுத்தவர் பகல் ஒரு மணிக்கெல்லாம் விழித்துக்கொள்கிறார். இரவில் உறங்குவோரைவிட அவருடைய தூக்கம் ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் வரை குறைந்துவிடுகிறது. தெருவின் சத்தமும் சமையலறை மிக்சியும் காரணம் என்பீர்கள். அது ஓரளவே உண்மை. ஓசையும் ஒளியும் புகாத ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்தாலும் பகல் தூக்கம் இப்படியே பாதியில் கலைகிறது.

விடை காண, இரு நூற்றாண்டுகளுக்கும் முந்திய ஒரு சிறு சோதனையிலிருந்து தொடங்குவோம். 1729-இல் பிரெஞ்சு நாட்டு வானியல் அறிஞர் த மேரான் என்பவர், தொட்டாற்சுருங்கி போலப் பகலில் இலை விரித்து இரவில் மூடிக்கொள்ளும் செடி ஒன்றை வெளிச்சமே படாத இடத்தில் வைத்தார். சூரியனைக் காணாமலேயே அச்செடி உரிய நேரத்தில் இலைகளை விரித்தது; உரிய நேரத்தில் மூடியது. செடி வெளியுலகைப் பார்த்து நேரம் அறியவில்லை, தனக்குள்ளேயே ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது என்று ஐயம் எழ இது இடம் தந்தது.

மனிதனுக்கும் இப்படி ஒன்று உண்டா? 1938-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகைக்குள் நத்தானியேல் கிளைட்மன் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய மாணவர் ஒருவரும் 32 நாள்கள் தங்கினர். குகைக்குள் பகலும் இல்லை, இரவும் இல்லை, வெப்பநிலையும் மாறுவதில்லை. அவர்கள் தமக்கென 28 மணி நேர 'நாள்' ஒன்றை வகுத்துக்கொண்டனர். ஏன் 28? ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். அதை 24-ஆல் வகுத்தால் 7 நாள். 28-ஆல் வகுத்தால் சரியாக 6 நாள். இளைஞரான மாணவர் புதிய நாளுக்குப் பழகிவிட்டார். 43 வயதான கிளைட்மனின் உடல் வெப்பநிலையோ 24 மணி நேரத்திற்கு ஒருமுறை ஏறி இறங்குவதை விடவில்லை.

இதே 28 மணி நேர உத்தியை மங்கிய ஒளியில் கையாண்டு, 1999-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மனித உடற்கடிகாரத்தின் அலைவு நேரத்தை நுட்பமாக அளந்தனர். சராசரி 24 மணி 11 நிமிடம்! அதாவது வெளியிலிருந்து திருத்துவார் யாரும் இல்லையெனில், நமது கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 11 நிமிடம் பின்தங்கும். பத்து நாளில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கடிகாரம் எங்கே இருக்கிறது? இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடியில் குறுக்கிட்டுக்கொள்ளும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் கொண்ட இரு சிறு கொத்துகளாக அமைந்திருக்கிறது. செல்லுக்குள் ஒரு மரபணு புரதத்தை உண்டாக்குகிறது. புரதம் போதிய அளவு சேர்ந்ததும் அதே மரபணுவின் வேலையை நிறுத்துகிறது. புரதம் சிதைந்து குறைந்ததும் வேலை மறுபடி தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களில் இதைக் கண்டு விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இயற்பியல் படிப்பவர்களுக்கு இது புதிதன்று. தாமதமாக வரும் எதிர்ப்பு விசை இருக்கும் இடத்தில் அலைவு பிறக்கக்கூடும்.

இக்கடிகாரம் மாலையில் நம்மை ஊக்குகிறது. நள்ளிரவுக்குப் பின் ஊக்கத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது. காலை நான்கு, ஐந்து மணியளவில் உடல் வெப்பநிலை ஒரு நாளில் மிகக் குறைந்த நிலையை அடைகிறது. இறக்கம் அரைப் பாகை முதல் ஒரு பாகை செல்சியஸ்தான். ஆனால் கண்ணும் கையும் கவனமும் மந்தமாகும் வேளை அதுவே. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் காட்டினர். 1979-இல் மூன்று மைல் தீவு அணுமின் நிலைய விபத்து நேர்ந்தது காலை நான்கு மணிக்கு. 1986-இல் செர்னோபில் உலை வெடித்தது நள்ளிரவு 1 மணி 23 நிமிடத்திற்கு. இவற்றுக்குத் தூக்கமே காரணம் என்று சொல்வது பிழை. அமைப்பிலும் பயிற்சியிலும் இருந்த கோளாறுகள் பெரிது. ஆயினும் அந்த நேரத்தில் ஒரு மானியின் முள்ளைப் படித்து முடிவெடுப்பது பகலில் எடுப்பதைவிடக் கடினம் என்பதில் ஐயமில்லை. (தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் விழித்துப் படிக்கும் நண்பர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.)

இப்போது புதிர் அவிழ்கிறது. காலையில் படுப்பவருக்குத் தூக்கத்தின் தேவை மிகுதி. ஆனால் கடிகாரம் அப்போதுதான் 'எழுந்திரு' என்று முடுக்கத் தொடங்குகிறது. சில மணி நேரத் தூக்கத்தில் தேவை பாதி தீர்ந்ததும் கடிகாரத்தின் கை ஓங்கிவிடுகிறது. இது கட்ட வேறுபாட்டின் விளைவு.

கட்டத்தை மாற்ற முடியுமா? முடியும். திணிப்பு அதிர்வுகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். தனக்கென ஓர் அலைவு நேரம் உடைய ஊசலை வெளியிலிருந்து சீராகத் தட்டி நம் வழிக்குக் கொண்டுவரலாம். உடற்கடிகாரத்தைத் தட்டும் கை ஒளியாகும். விழித்திரையில் பார்வைக்கென உள்ள செல்களைத் தவிர, ஒளியின் அளவை மட்டும் கடிகாரத்திற்குச் சொல்லும் செல்கள் சில உண்டு. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்கு இவை மிகவும் மசிகின்றன. மாலையிலும் முன்னிரவிலும் பட்ட ஒளி கடிகாரத்தைப் பின்தள்ளும். விடியலுக்குப் பின் பட்ட ஒளி முன்தள்ளும்.

இரவுப் பணியாளரின் சங்கடம் இங்கேதான். தொழிற்கூடத்தின் விளக்கொளி 300 லக்ஸ் இருந்தால் பெரிது. வீடு திரும்பும் வழியில் காலை வெயிலோ பல ஆயிரம் லக்ஸ். உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ். நமது கண் வெளிச்சத்திற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு இவ்வேறுபாட்டை மறைத்துவிடுவதால் நாம் உணர்வதில்லை. இரவெல்லாம் குழல்விளக்கு பின்னே தள்ளியதை அரைமணி நேர வெயில் முன்னே இழுத்துவிடுகிறது. 1990-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், இரவில் 7,000 முதல் 12,000 லக்ஸ் ஒளியும் பகலில் முழு இருளும் தந்து, சில நாள்களிலேயே வெப்பநிலையின் தாழ்நிலையை விடிகாலையிலிருந்து பிற்பகலுக்கு நகர்த்திக் காட்டினர். அத்தனை ஒளியை ஆலைகளில் எதிர்பார்க்க இயலாது. ஆனால் அதன் மறுபாதி எளிது: பணியின் முற்பகுதியில் நல்ல வெளிச்சத்தில் இருப்பது, திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிவது, வந்ததும் இருட்டறையில் படுப்பது. வண்டியைத் தானே ஓட்டி வருபவர் மட்டும் கண்ணாடியைத் தவிர்க்கட்டும். தூக்கக் கலக்கம் உள்ளவர் வண்டியையே தவிர்ப்பது நல்லது.

அந்த 11 நிமிடத்திற்கு வருவோம். பின்தங்கும் இயல்புடைய கடிகாரத்தை மேலும் பின்தள்ளுவது எளிது, முன்தள்ளுவது கடினம். எனவே ஷிப்டு மாறும்போது காலை, மாலை, இரவு என்ற வரிசை உடலுக்கு ஏற்றது. இரவு, மாலை, காலை என்பது எதிர்நீச்சல். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கனிம உப்புகள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வாரந்தோறும் பின்வரிசையில் மாறிவந்த ஷிப்டுகளை, முன்வரிசையில் மூன்று வாரத்திற்கு ஒருமுறை மாறுமாறு திருத்தினார்கள். தொழிலாளரின் மனநிறைவும் உடல்நலமும் உயர்ந்தன, உற்பத்தியும் கூடியது. 1982-இல் இம்முடிவு வெளியாயிற்று. பட்டியல் போடும் மேலாளர்கள் பலர் இன்றும் இதை அறியாமலிருப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

உடல்நலம் என்றால் தூக்கம் மட்டுமன்று. கல்லீரலுக்கும் கணையத்திற்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. ஒரே அளவு சோறு, பகலைவிட இரவு இரண்டு மணிக்கு உண்டால் இரத்தச் சர்க்கரையை அதிகம் உயர்த்துகிறது. நீண்ட ஆண்டுகள் இரவுப் பணி செய்வோரிடம் நீரிழிவும் இதயநோயும் மிகுந்து காணப்படுகின்றன. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் இத்தகைய பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் சேர்த்தது, 2019-இல் அதை மீண்டும் உறுதி செய்தது. ஆகவே முழுச்சாப்பாட்டைப் பணிக்குப் போகுமுன் முடித்துவிட்டு, நடு இரவில் சிறிதளவே உண்பது நன்று. தேநீரில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல் ஆகிறது. பணியின் முதற்பாதியோடு அதை நிறுத்திக்கொள்ள வேண்டும். இடைவேளையில் இருபது நிமிடம் கண்ணயர்வது சோம்பலாகாது. நாசாவின் ஆய்வில், 26 நிமிடம் அளவில் உறங்கிய விமானிகள் உறங்காதவர்களைவிட விழிப்போடு இருந்தனர்.

இனி வீடு. ஒரே அறை உள்ள வீட்டில் இருட்டறைக்கு எங்கே போவது? சன்னலுக்குக் கனத்த கறுப்புத் துணி போதும். கண்ணை மறைக்கக் கைக்குட்டையும் போதும். ஓசையைப் பொறுத்தவரை, தூக்கத்தைக் கலைப்பது பெரும்பாலும் அதன் திடீர் ஏற்றமே. மின்விசிறியின் சீரான இரைச்சல் குக்கர் விசிலை ஓரளவு மூழ்கடித்துவிடும். நம் நாட்டில் வெப்பம் மற்றோர் எதிரி. கான்கிரீட் கூரை காலை வெயிலை வாங்கினாலும் அதன் சூடு சில மணி நேரம் கழித்தே உட்புறம் இறங்குகிறது. எனவே வந்தவுடன் படுத்து, அந்தச் சூடு இறங்குமுன் தூக்கத்தின் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும். செய்தித்தாள் படித்து, கடைக்குப் போய், பதினொரு மணிக்குப் படுப்பவருக்குக் கடிகாரமும் கூரையும் சேர்ந்தே பகையாகின்றன.

விடுமுறை நாளில் என்ன செய்வது என்பதுதான் பலரை வீழ்த்துகிறது. அன்று இரவு பத்து மணிக்கே படுத்துக் காலையில் எழுந்தால், வாரம் முழுதும் நகர்த்திய கட்டம் பழைய இடத்திற்கே போய்விடும். குடும்பத்தோடு இருக்கவும் வேண்டும். இதற்கு ஆய்வாளர்கள் கூறும் சமரசம் ஒன்று உண்டு. விடுமுறை நாள்களில் இரவு மூன்று மணியளவில் படுத்து, நண்பகல் வரை உறங்கலாம். பிற்பகலும் மாலையும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். திங்கள் இரவு மீண்டும் எந்திரத்தின் முன் நிற்கும்போது அவருடைய கடிகாரம் சில மணி நேரம் மட்டுமே விலகியிருக்கும்.