பெயர் சொல்லி அழைத்தால் பறவை அறியுமா?

மாலை வேளையில் மேய்ச்சலினின்றும் திரும்பும் மந்தையில், வீட்டார் "லக்ஷ்மி" என்று குரல் கொடுத்தவுடன் ஒரு பசு மட்டும் தலை நிமிர்ந்து நோக்குவதை விவசாயிகள் அனைவரும் கண்டிருப்பர். அப்பசு தன் பெயரை அறிந்து நோக்கிற்றா, எஜமானனின் குரலை அறிந்து நோக்கிற்றா, அல்லது தவிட்டுத் தண்ணீர் வைக்கும் வேளை வந்துவிட்டதென்று உணர்ந்து நோக்கிற்றா என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. இவ்வினாவை ஆராய்வதற்கு, வீட்டினுள்ளேயே வளர்வதும், கேட்ட ஒலியைப் பழகிக்கொள்ளும் திறன் மிக்கதுமான ஒரு சிறு பறவை நமக்குத் துணை புரிகின்றது. நம் வீடுகளில் "லவ் பேர்ட்ஸ்" என்று வழங்கப்படும் பட்ஜரிகார் என்னும் சிறு கிளியே அது.

பறவையின் வரலாறு

உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த வேறோர் இனமாகும். பட்ஜரிகாரின் தாயகம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட வெளிகள். அங்கே இது பெருங்கூட்டமாகத் திரண்டு, மழை பெய்த இடங்களை நாடிப் பறந்து, புல் விதைகளை உண்டு வாழ்கின்றது. 1840-ஆம் ஆண்டில் ஜான் கூல்ட் என்னும் பறவை நூல் அறிஞர் இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அதன்பின் உலகெங்கும் வளர்ப்புப் பறவையாகப் பரவிற்று. காட்டில் வாழ்வது பச்சை நிறமே. நீலம், மஞ்சள், வெள்ளை முதலியன வளர்ப்போர் தெரிந்தெடுத்துப் பெருக்கிய வகைகள். இதன் எடை 30 முதல் 40 கிராம் வரையில்தான். இதற்கு மிகவும் உகந்த தானியங்களுள் ஒன்று நம் புன்செய்களில் விளையும் தினையே. மேல்நாடுகளில் கதிரோடு விற்கப்படும் பறவைத் தீனியும் பெரும்பாலும் தினைக் கதிர்தான்.

பேசுவது வேறு, அறிவது வேறு

2012-ஆம் ஆண்டில் ஜப்பானில், தோக்கியோவுக்கு அருகிலுள்ள சகமிஹாரா நகரில் இவ்வினப் பறவையொன்று வீட்டைவிட்டுப் பறந்து, ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தவரின் தோளில் அமர்ந்தது. போலீசாரிடம் ஒப்படைக்கப்பட்ட அப்பறவை, இரண்டொரு நாட்களுக்குப் பின் தன் எஜமானியின் விலாசத்தைத் தானே ஒப்பித்தது. போலீசார் அதைக் கொண்டே வீட்டைக் கண்டுபிடித்துச் சேர்ப்பித்தனர். முன்னர் ஒரு பறவையை இழந்திருந்த அவ்வம்மையார், அதே துயரம் மீண்டும் நேராதிருக்கும் பொருட்டு அதற்கு விலாசத்தைக் கற்பித்திருந்தாராம். அமெரிக்காவில் 1994-இல் இறந்த "பக்" என்னும் பட்ஜரிகார் 1,728 சொற்களைக் கற்றிருந்ததென்று கின்னஸ் புத்தகத்தில் பதிவாகியுள்ளது.

இவற்றைக் கேட்போர், "விலாசமே சொல்லும் பறவை தன் பெயரை அறியாதா?" என்று வினவலாம். ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்லுதல் நாவின் பயிற்சி. அச்சொல் தன்னைக் குறிப்பதென்று உணர்தல் அறிவின் செயல். விலாசம் சொன்ன பறவைக்குத் தெரு இன்னதென்றும் இலக்கம் இன்னதென்றும் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. அன்பாக வளர்த்தவர் பலமுறை சொன்ன ஒலியை அது திருப்பிச் சொல்லிற்று, அவ்வளவே. ஆகவே பறவை பேசுவதை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது.

கூட்டத்தில் குரலின் பயன்

எனினும், தனித்தனி உயிரைத் தனித்தனி ஒலியால் குறிப்பிடும் வழக்கம் பறவை உலகத்திற்கு முற்றும் புறம்பானதன்று. பட்ஜரிகார்கள் பறக்கும்போதும் பிரியும்போதும் ஒன்றையொன்று விளித்துக்கொள்ளும் குறுங்குரல் ஒன்று உண்டு. ஒரே கூண்டில் சேர்த்து வைக்கப்பட்ட பறவைகளின் விளிக்குரல் நாளடைவில் ஒன்றையொன்று ஒத்துவிடுகின்றது. ஆண் பறவை பெட்டையுடன் ஜோடி சேரும்போது, சில வாரங்களுக்குள் பெட்டையின் குரலைத் தானே பயின்று அதைப்போலவே கூவுகின்றதென்பதை 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. வெனிசுவேலா நாட்டில் சிறுகிளி இனம் ஒன்றைக் கூடுகளில் கவனித்தவர்கள், தாய் தந்தையர் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்த ஒலியை அளிப்பதாயும், குஞ்சுகள் அதனைத் தழுவியே தம் குரலை அமைத்துக்கொள்வதாயும் 2011-இல் எழுதினர். கடலில் வாழும் டால்பின்கள் தமக்குரிய சீழ்க்கையைப் பிறர் ஒலிக்கக் கேட்டு மறுமொழி கொடுப்பது 2013-இலும், கென்யா நாட்டு யானைகள் தம்மைக் குறித்து எழுப்பப்பட்ட ஒலிக்கு மற்ற ஒலிகளைவிட விரைந்து செவிசாய்ப்பது 2024-இலும் வெளியாயின.

பட்ஜரிகாரின் செவியும் கூர்மையானது. பயிற்சி அளிக்கப்பட்ட பறவைகள் மனிதர் பேசும் உயிரொலிகளை வேறு வேறாகப் பிரித்தறிவதாக அமெரிக்காவின் மேரிலாந்து சர்வகலாசாலையில் நடந்த சோதனைகள் காட்டியுள்ளன. எனவே, ஒரு பெயரை மற்றச் சொற்களினின்றும் பிரித்துக் கேட்பதற்கு வேண்டிய செவியும், ஓர் ஒலியை ஒரு துணையோடு சேர்த்து நினைக்கும் இயல்பும் இப்பறவைக்கு உண்டு. தன்னை அழைத்தால் திரும்பவும், வரவும் இதனைப் பழக்கலாம். ஆனால் "இது என் பெயர்" என்று மனிதர் எண்ணுவதுபோல் அது எண்ணுகின்றதென்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. "இவ்வொலி கேட்டால் எனக்கு ஒன்று கிடைக்கும்" என்னும் அளவில் அது நிற்றலும் கூடும்.

குதிரை கற்பித்த பாடம்

இத்தகைய விஷயங்களில் நம் கண்ணே நம்மை ஏமாற்றும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் வான் ஆஸ்டன் என்பவர் வளர்த்த ஹான்ஸ் என்னும் குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை கூறிற்று. மோசடி ஏதுமில்லை, உரியவரும் தம் குதிரை கணக்கறியும் என்றே மனமார நம்பினார். ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர் நுணுகிச் சோதித்து 1907-இல் உண்மையை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவரைக் குதிரை காண இயலாதபோதும் அது தவறிற்று. சரியான எண்ணை எட்டியவுடன் கேட்பவரின் தலையில் தம்மையறியாமல் உண்டாகும் சிறு அசைவைக் கண்டே குதிரை தட்டுவதை நிறுத்திற்று. பிராணியை நேசிப்பவன் பொய் சொல்லாமலே பொய்யனாகக்கூடும் என்பதை இது உணர்த்துகின்றது.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை

ஜப்பானில் 2019-இல் பூனைகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முறையை நாமும் பின்பற்றலாம். அங்கே பூனைக்குத் தொடர்ந்து நான்கு வேறு சொற்களை ஒரே தொனியில் கேட்பித்தனர். பூனை கேட்டுச் சலித்துப் பொருட்படுத்தாதிருக்கும் நிலையில் ஐந்தாவதாக அதன் பெயரை ஒலித்தனர். வீட்டுப் பூனைகள் பல அப்போது காதையும் தலையையும் அசைத்தன. அயலார் குரலில் கேட்டபோதும் அவ்வாறே செய்தன.

பறவைக்கு இதனைச் செய்யுங்கால் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. தீனி வைக்கும் வேளையில் சோதித்தல் கூடாது.

2. அழைப்பவர் திரைக்குப் பின்னே இருத்தல் வேண்டும். முகமும் கையும் பறவைக்குத் தெரியலாகாது.

3. பெயர் "மணி" என்றிருப்பின், முதலில் "குடை, மழை, கதை, வழி" என்று அதே அளவுள்ள சொற்களைச் சிறிது இடைவெளி விட்டு, ஒரே தொனியில் சொல்லிப் பின்னர்ப் பெயரைச் சொல்லுக. அதில் தேறினால், "பணி, கனி, துணி" போன்ற எதுகைச் சொற்களை வைத்துச் சோதிக்க. இது கடினமான சோதனை.

4. பறவை திரும்பிற்றா என்று குறிப்பவர், எச்சமயம் பெயர் சொல்லப்பட்டதென்று அறியாதவாறு காதை அடைத்துக்கொண்டிருப்பது நலம்.

5. இரண்டு பறவைகள் இருப்பின், காசைச் சுண்டி விழுந்தபடி ஒன்றன் பெயரை அழைத்து, எது முதலில் திரும்புகின்றதென்று எழுதிவைக்க. 10 முறையில் 5 அல்லது 6 முறை சரியாயிருப்பது தற்செயல். 9 முறையேனும் சரியாயிருந்தால் பொருட்படுத்தத் தக்கது. வேறொரு நாளும் அவ்வாறே வந்தால்தான் நம்புக.

பழக்கும் முறை

பெயர் ஈரெழுத்து அல்லது மூவெழுத்தாயிருத்தல் நன்று. வீட்டார் அனைவரும் ஒரே பெயரையே வழங்க வேண்டும். பெயரைச் சொன்ன உடனேயே சில தினை மணிகளைத் தருக; தந்தபின் பெயர் சொல்வதால் பயனில்லை. நாளொன்றுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் சில நிமிஷங்களே போதும். அதட்டும்போதும், பிடிக்கும்போதும் பெயரை உச்சரிக்கலாகாது. பேசவேண்டுமென்னும் ஆசையால் பறவையைத் தனியே அடைத்து வைப்போர் உண்டு. கூட்டமாக வாழும் இப்பறவைக்குத் தனிமை துன்பம் என்பதை மறத்தல் தகாது.

கால்நடை வளர்ப்போர்க்குப் பயன்

2009-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாஸில் சர்வகலாசாலையார் 516 பால் பண்ணைக்காரர்களை விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். பசுக்களைப் பெயரிட்டு அழைக்கும் பண்ணைகளில், ஒரு பசுவின் ஒரு கறவைக் காலத்துப் பால் 258 லிட்டர் அதிகமாயிருந்ததென்று கண்டனர். இதைக் கேட்டுப் பெயர் வைத்த மறுநாளே பால் பெருகுமென்று எண்ணுவது பேதைமை. பெயரிட்டு அழைப்பவன் ஒவ்வொரு மாட்டையும் தனித்துக் கவனிக்கின்றான்; தீனி குறைந்தாலும், நடை தளர்ந்தாலும் அவன் கண்ணுக்கு உடனே புலப்படும். வேற்றுமைக்கு இக்கவனமே காரணமாயிருத்தல் கூடும். கடுமையாக நடத்தியவன் அருகில் நின்றால் பசு மடியில் பாலை அதிகமாக அடக்கிக்கொள்வது 1999-இல் வெளியான வேறோர் ஆராய்ச்சியால் விளங்கிற்று. ஜெர்மனியில் பன்றிகளுக்குத் தனித்தனி ஒலியைப் பழக்கி, தன் ஒலி கேட்ட பன்றி மட்டும் தீனித் தொட்டிக்கு வருமாறு செய்துள்ளனர்.

ஆகவே, பறவைக்குக் கூறிய விதிகளே மாட்டுக்கும் பொருந்தும். பெயர் சொல்லி அழைத்து ஒரு பிடி தீவனம் தருக; பெயர் சொல்லி அடிக்கவேண்டாம்; ஊசி போடுவதற்கென்று பெயர் சொல்லி அழைக்கவேண்டாம். வெள்ளத்திலோ, இருளிலோ, கட்டவிழ்ந்து ஓடும் வேளையிலோ குரலுக்குத் திரும்பும் மாடு, கயிற்றுக்கு மட்டும் அடங்கும் மாட்டைவிட எளிதில் காக்கப்படும்.

ஓர் எச்சரிக்கை

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. மேற்கூறியவை யாவும் அயல்நாட்டு இனமாகிய பட்ஜரிகாரைப் பற்றியவை. நம் தோப்புகளில் வாழும் பச்சைக்கிளியைப் பிடித்தலும், விற்றலும், கூண்டில் வைத்தலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். இதனை அறியாது குஞ்சுகளை வாங்குவோர்க்கு எடுத்துரைத்தல் நலம்.

பெயரைப் பறவை நம்மைப்போல் பொருள் உணர்ந்து அறியாவிடினும், அதை அழைக்கும் குரல் தனக்கு நன்மை தருவதா, தீமை தருவதா என்பதை நன்கு அறியும். அவ்வாறே தொழுவத்திலுள்ள மாடும் அறியும். அந்த அறிவு நன்மையின் பக்கம் நிற்குமாறு செய்வது வளர்ப்பவன் கையிலேயே இருக்கின்றது.