'கால யந்திரம்': ஒரு ருஷ்ய வாத்தியக் கோஷ்டியின் வரலாறு

நம்முடைய சங்கீதக் கச்சேரிகளில் இன்று ஒருவருக்கு வயலின் வாசித்தவர் நாளை வேறொரு பாடகருடன் மேடையில் அமர்வார். அதனைப் பிரிவு என்று எவரும் கூறுவதில்லை. மேனாட்டு ராக் சங்கீதத்தின் முறை வேறு. நால்வரோ ஐவரோ ஒரு பெயரின்கீழ்க் கூடித் தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடி வாசிப்பார்கள். அவர்களுள் ஒருவர் விலகினால் ரசிகர்கள் கலங்குவார்கள். எஞ்சியிருப்பது பழைய கோஷ்டிதானா என்ற வழக்கும் எழும். அத்தகைய கோஷ்டி ஒன்று, கலைகள் யாவும் அரசாங்கத்தின் மேற்பார்வையில் இருந்த சோவியத் நாட்டில் எவ்வாறு பிறந்தது, பன்முறை உடைந்தும் எவ்வாறு நிலைத்தது என்பதை நாம் இங்கே விவரிக்கப் புகுகின்றோம். அதன் பெயர் ருஷ்ய மொழியில் 'மஷீனா விரேமெனி'. தமிழில் 'கால யந்திரம்' எனலாம்.

சோவியத் அரசாங்கம் பாட்டுக்கு விரோதி அன்று. 1954-இல் ராஜ் கபூரின் 'ஆவாரா' அங்கே திரையிடப்பட்டபோது அதன் பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பை நேயர்கள் அறிவர். ஆயினும் அமெரிக்க, ஆங்கிலச் சங்கீதத்தின்மீது அதிகாரிகளுக்கு ஐயம் இருந்தது. ஆகவே யுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் சிலர் ஓர் உபாயம் கண்டனர். ஆஸ்பத்திரிகளில் கழிக்கப்பட்ட எக்ஸ்-கதிர்ப் படங்களை வட்டமாக வெட்டி, அவற்றில் மேனாட்டுப் பாட்டுக்களைப் பதித்து இரகசியமாக விற்றனர். யாரோ ஒருவருடைய விலா எலும்பின் நிழலில் ஜாஸ் சங்கீதம் சுழன்றது! 1960-களில் ஒலிநாடாக் கருவி வீடுகளுக்கு வந்த பின்பு இவ்வேலை எளிதாயிற்று. ஒருவரிடமிருந்த நாடாவை மற்றொருவர் பிரதி செய்வார். அவரிடமிருந்து பத்துப் பேர் பிரதி செய்வார்கள்.

இவ்வாறு பரவிய பீட்டில்ஸ் கோஷ்டியின் பாட்டுக்கள் மாஸ்கோவில் ஆந்திரேய் மகாரேவிச் என்ற பள்ளிச் சிறுவனுடைய காதில் விழுந்தன. 1953-இல் பிறந்த இவர் ஒரு கட்டடக் கலைஞரின் மகன். 1969-இல் இவரும் இவருடைய பள்ளித் தோழர்களும் கோஷ்டி ஒன்றை அமைத்தனர். தொடக்கத்தில் அதன் பெயர் 'கால யந்திரங்கள்' என்று பன்மையில் இருந்தது, 1973-இல்தான் ஒருமையாயிற்று. முதலில் ஆங்கிலப் பாட்டுக்களைப் பாடி வந்தவர்கள், பின்னர்த் தம் சொந்த ருஷ்யப் பாட்டுக்களுக்குத் திரும்பினர். இத்திருப்பமே அவர்களைப் பிற இளைஞர் கோஷ்டிகளிலிருந்து வேறுபடுத்தியது என்பது நம் கருத்து. அந்நாளில் நல்ல மின் கிதார் கிடைப்பது அரிது. பொதுத் தொலைபேசிக் கூண்டுகளிலிருந்து கேட்குங் குழாயைக் கழற்றி, அதன் உள்ளுறுப்பைக் கொண்டு சாதாரண கிதாரை மின் கிதாராக்கிய இளைஞர்கள் அந்நாட்டில் பலர். நாம் இதனைப் புகழவில்லை. ஆர்வத்தின் அளவைக் காட்டவே கூறுகின்றோம்.

இக்கோஷ்டியில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்ததற்கு மனத்தாங்கல் மட்டும் காரணமன்று. வாலிபர் யாவரும் ராணுவ சேவை செய்தாக வேண்டும்; அழைப்பு வந்தால் கிதாரை வைத்துவிட்டுப் புறப்படவேண்டியதுதான். வேலையின்றி இருப்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. ஆகவே வாத்தியம் வாசிப்பவர் எவராயினும் மாணவராகவோ, ஏதேனும் ஓர் உத்தியோகத்தில் பெயர் பதிந்தவராகவோ இருக்க வேண்டும். மகாரேவிச் கட்டடக் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். 1974-இல் அவரை அங்கிருந்து நீக்கினார்கள். காய்கறிக் கிடங்கில் மாணவர்கள் செய்யவேண்டிய வேலையிலிருந்து உரிய நேரத்துக்கு முன் போய்விட்டார் என்பது ஏட்டில் எழுதிய காரணம். உண்மைக் காரணம் அவருடைய கிதார் என்பதை யாவரும் அறிந்திருந்தனர். பின்னர் அவர் மாலை வகுப்பில் பயின்று 1977-இல் தேறினார். நாடகசாலைகளுக்கு வரைபடம் தயாரிக்கும் அலுவலகத்தில் பகலெல்லாம் பணி செய்தார்.

தொடக்கக் காலத் தோழர்களுள் நிலைத்தவர் ஸெர்கேய் காவாகோயே. இவருடைய தந்தையார் ஜப்பானியர். 1971-இல் அலெக்ஸாந்தர் குதிகோவ் வந்து சேர்ந்தார். 1974-இல் விலகிப் பின்னர் வேறொரு கோஷ்டியில் வாசித்தார். 1975-இல் யெவ்கெனி மார்கூலிஸ் வந்தார். மகாரேவிச், காவாகோயே, மார்கூலிஸ் ஆகிய மூவரும் நான்காண்டுகள் பிரியாதிருந்தனர். இடையே வயலின்காரர் ஒருவர் வந்தார், போனார். ஊதுவாத்தியக்காரர்கள் வந்தனர், போயினர். 1976-இல் எஸ்தோனியாவின் தலைநகரான தாலினில் நடந்த விழாவில் இவர்களுக்கு முதற்பரிசு கிடைத்தது. ஆயினும் சட்டத்தின் கண்ணில் இவர்கள் பொழுதுபோக்குக்காக வாசிப்பவர்களே. கச்சேரிக்குப் பணம் பெறுவது குற்றம். நுழைவுச் சீட்டு கைமாறியது தெரிந்தால் போலீஸார் வருவார்கள்.

1978-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி நமக்கு மிகவும் சுவையாகத் தோன்றுகின்றது. நாடகக் கலைக் கல்லூரியின் பேச்சுப் பயிற்சிக் கூடத்தில் ஒலிப்பதிவுக் கருவிகளின் பொறுப்பில் இருந்தவர் யார் தெரியுமா? கோஷ்டியை விட்டு விலகியிருந்த அதே குதிகோவ்தான். அவர் பழைய நண்பர்களை வரவழைத்து, இரவு நேரங்களில் அவர்களுடைய பாட்டுக்களைப் பதிவு செய்தார். நாடு முழுவதுக்கும் 'மெலோதியா' என்ற அரசாங்க இசைத்தட்டு ஸ்தாபனம் ஒன்றே இருந்த காலம் அது. எந்தத் தட்டும் வெளிவராமலே, நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதியாகி, அப்பாட்டுக்கள் மாஸ்கோவுக்கு வெளியேயும் நெடுந்தூரம் பரவின. பாடியவர் முகத்தை அறியாதவர்களும் பாட்டை மனப்பாடமாக அறிந்திருந்தனர்.

புகழ் வளர வளர உள்ளே விரிசலும் வளர்ந்தது. 1979-இல், சரியாக அமையாத ஒரு கச்சேரிக்குப் பிறகு, தாம் விலகுவதாக மகாரேவிச் அறிவித்தார். காவாகோயேயுடன் அவருக்கு ஒத்துப்போகவில்லை. மார்கூலிஸ் தம் பக்கம் வருவார் என்று அவர் நம்பினார். மார்கூலிஸோ காவாகோயேயுடன் சென்றுவிட்டார். அவ்விருவரும் அலெக்ஸேய் ரொமானோவ் என்பவருடன் கூடி 'வஸ்கிரெஸேனியே' என்ற புதிய கோஷ்டியைத் தொடங்கினர். பத்தாண்டு முயற்சி ஒரே மாலையில் கலைந்தது. அப்பொழுது திரும்பி வந்தவர் குதிகோவ். அவர் முரசு வாசிக்க வலேரி யெஃப்ரேமோவையும் உடன் அழைத்துவந்தார். பியானோவில் வல்லவரான பியோத்தர் பட்கரோதெட்ஸ்கியும் சேர்ந்தார். குதிகோவும் பட்கரோதெட்ஸ்கியும் மெட்டமைத்து மகாரேவிச் சொல் எழுதிய 'திருப்பம்' என்ற பாட்டு, மாஸ்கோ இளைஞர் பத்திரிகை ஒன்றின் வாசகர் பட்டியலில் நெடுங்காலம் முதலிடத்தில் நின்றது.

இப்புதிய நால்வரும் 1979-ஆம் ஆண்டின் இறுதியில் ஊர் ஊராகச் செல்லும் நகைச்சுவை நாடக சபை ஒன்றில் அரசாங்கச் சம்பளக்காரர்களாகச் சேர்ந்தனர். விரைவில் 'ராஸ்கன்ஸெர்த்' என்ற அரசாங்கக் கச்சேரி நிறுவனத்துக்கு மாறினர். இதன் பொருளை நேயர்கள் உணரவேண்டும். சம்பளமும் ரயில் கட்டணமும் நல்ல ஒலிபெருக்கியும் கிடைக்கும். போலீஸ் பயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டின் சொல்லும் முத்திரை பெற்றாக வேண்டும். எந்த ஊரில் பாடலாம் என்பதை அலுவலகம் தீர்மானிக்கும். இது சரணாகதி என்று சிலர் அன்றே குறை கூறினர். அக்குறையை நம்மால் முழுவதும் ஏற்க இயலவில்லை. வெளியே நின்றவர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் காரணம் விளங்கும். 1980 மார்ச்சில் ஜார்ஜியாவின் தலைநகரான திபிலிஸியில் நடந்த விழாவில் 'கால யந்திரம்' முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டது. அதே மேடையில் அதிகாரிகளின் அதிருப்திக்கு ஆளான லெனின்கிராட் கோஷ்டியின் தலைவர் ஊர் திரும்பியதும் வேலையை இழந்தார். ரொமானோவ் 1983-இல் கைதானார். சட்ட விரோதமாகக் கச்சேரியில் பணம் ஈட்டினார் என்ற குற்றச்சாட்டின்பேரில், மறு ஆண்டு அவருக்கு மூன்றரை ஆண்டுத் தண்டனை விதித்து நிறுத்திவைத்தார்கள். காவாகோயேயும் மார்கூலிஸும் அதற்கு முன்பே அவரை விட்டுப் பிரிந்திருந்தனர்.

அரசாங்கக் குடையின்கீழ் வந்தவர்களும் மழையில் நனையாமல் இல்லை. 1982 ஏப்ரலில் 'கம்ஸமோல்ஸ்கயா பிராவ்தா' பத்திரிகை, இவர்களுடைய 'நீலப் பறவை' என்ற பாட்டைக் கேலி செய்யும் தலைப்புடன் கடுமையான கண்டனம் ஒன்றை வெளியிட்டது. மறுப்புக் கடிதங்கள் மூட்டை மூட்டையாகப் பத்திரிகைக்கு வந்து குவிந்தன. அவ்வாண்டிலேயே பட்கரோதெட்ஸ்கி விலகினார்; அவர் இடத்துக்கு அலெக்ஸாந்தர் ஸைத்ஸெவ் வந்தார். வெளியூர்களில் பெரிய அரங்குகள் நிரம்பியபோதும் சொந்த ஊராகிய மாஸ்கோவில் மேடை எளிதில் கிட்டவில்லை. கோர்பசேவ் பதவிக்கு வந்த பிறகுதான் காற்று மாறியது. 1986-இல் 'மெலோதியா' இவர்களுடைய முதல் நீண்ட இசைத்தட்டை வெளியிட்டது. கோஷ்டி பிறந்து அப்பொழுது பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன!

1990-இல் மார்கூலிஸும் பட்கரோதெட்ஸ்கியும் திரும்பி வந்தனர். 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் அரசாங்கத்தைக் கவிழ்க்கும் முயற்சி நடந்தபோது, பாராளுமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற மக்களிடையே சென்று மகாரேவிச் பாடினார். அவ்வாண்டு முடிவதற்குள் சோவியத் யூனியனே இல்லாமற் போயிற்று. முத்திரை குத்தும் அதிகாரியும் மறைந்தார். ஆனால் ஆள் மாற்றம் மறையவில்லை. முப்பதாம் ஆண்டு விழாவையொட்டி 1999-இல் பட்கரோதெட்ஸ்கி மறுபடியும் விலக்கப்பட்டார். ஆந்திரேய் தெர்ஷாவின் வந்தார். மார்கூலிஸ் 2012-இல் தம் சொந்த இசைப் பணிக்காகப் பிரிந்தார். இப்பிரிவுகளுக்கு ராணுவமும் காரணமன்று, சட்டமும் காரணமன்று. காவாகோயே கனடாவில் குடியேறி 2008-இல் அங்கேயே காலமானார்.

உண்மையான 'கால யந்திரம்' எது என்று ரசிகர்கள் வாதாடுவதுண்டு. 'திருப்பம்' பாட்டின் நால்வரே என்பார் பெரும்பாலோர். நாம் மூவர் கோஷ்டியின் பக்கம் சாய்கின்றோம். 1978-ஆம் ஆண்டின் இரவுப் பதிவுகள் 1992-இல் முறையாக வெளிவந்தன. அவற்றைக் கேட்டால் கருவிகளின் குறையும் தெரியும். அனுமதி கேளாமல் பாடியவர்களின் துணிவும் தெரியும்.

மகாரேவிச் பின்னாளில் மீண்டும் அரசாங்கத்துடன் முரண்பட்டார். 2014-இல் கிரீமியாவை ருஷ்யா இணைத்துக்கொண்டதை அவர் எதிர்த்தார். அதன் பின்பு அவருடைய கச்சேரிகள் சில ரத்தாயின. 2022-இல் உக்ரேன் யுத்தம் தொடங்கியபின் அவர் நாட்டை விட்டு வெளியேறி இஸ்ரேலில் தங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் ருஷ்ய அரசாங்கம் அவரை 'அன்னிய நாட்டு ஏஜெண்டு' என்ற பட்டியலில் சேர்த்தது.