புயல் வந்த பிறகு வர்ற பணம் ஏன் பத்தல? கஜா காட்டிய கணக்கு

"திண்டுக்கல்லுக்கு ஏதுங்க கடல்?"னு கேட்பீங்க. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல், அன்றைக்கே மேற்கே நகர்ந்து நம்ம மாவட்டத்துக்கும் வந்தது. கொடைக்கானல் ரோட்டில் மரங்கள் சாய்ந்து போக்குவரத்து நின்றது. இத்தனைக்கும் இங்கே வரும்போது அது பலவீனமாகியிருந்தது. முழு வேகத்தில் அடித்த வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன.

தென்னை அந்த ஊர்க்காரர்களுக்கு எஃப்.டி. மாதிரி. பொண்ணு கல்யாணம், பையன் காலேஜ் ஃபீஸ் எல்லாமே அதிலிருந்துதான். புதுக் கன்று வெச்சா காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வருமானம்?

உயிரைக் காப்பாற்ற ஓரளவு திட்டம் இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு உலக வங்கிக் கடனில் கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. கஜா வருவதற்கு முன்பே சுமார் 80,000 பேரை முகாம்களுக்கு மாற்றினார்கள். அப்படியும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனா இந்த முன்னேற்பாடு இல்லாமல் இருந்திருந்தா எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும்.

சொத்துக்கு வருவோம். தமிழக அரசு மத்திய அரசிடம் கேட்டது சுமார் 15,000 கோடி ரூபாய். டிசம்பர் கடைசியில் ஒப்புதல் கிடைத்தது 1,146.12 கோடி. இதில் அரசியல் பேச நிறைய இருக்கு, அது இங்கே வேண்டாம். நாம கவனிக்க வேண்டியது ஒண்ணு: பேரிடர் நிதியிலிருந்து வருவது நிவாரணம், நஷ்டஈடு இல்லை. வீட்டுக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவுன்னு ரேட் இருக்கும். உங்க பொருளோட உண்மையான மதிப்பை அது பார்க்காது.

சாய்ந்த ஒரு தென்னைக்கு மாநில அரசு அறிவித்தது 1,100 ரூபாய். அதில் 500 மரத்தை வெட்டி அப்புறப்படுத்தும் கூலி. மரத்துக்கு 600தான்.

இப்போ இதைப் பாருங்க. தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை காப்பீட்டுத் திட்டத்தில் 16 முதல் 60 வயது வரையுள்ள மரத்துக்கு வருஷ பிரீமியம் 14 ரூபாய், காப்பீட்டுத் தொகை 1,750. பிரீமியத்தில் பாதி வாரியம் கட்டும், கால் பங்கு மாநில அரசு. விவசாயி கட்டுவது 3.50 ரூபாய். நூறு மரத்துக்கு 350 ரூபாய், நம்ம ஊர்ல கிட்டத்தட்ட ஒரு பிளேட் மட்டன் பிரியாணி காசு. நூறும் போனால் காப்பீட்டுத் தொகை 1,75,000. நிவாரணம் வந்தா அது தனி.

அரசுப் பணமும் வந்த பிறகு செலவழிக்கத்தான் அதிகம் ஒதுக்கப்படுது. 15வது நிதிக்குழு 2021-26க்கு மாநிலங்களுக்கான பேரிடர் நிதியை 80:20 என்று பிரித்தது. 80 சதவீதத்தில் பெரும்பகுதி நிவாரணம், மீட்பு, மறுகட்டுமான வேலைகளுக்கு. 20 சதவீதம் பாதிப்பை முன்கூட்டியே குறைக்க. தனிப் பங்கு கிடைத்ததே முன்னேற்றம்தான், ஆனா கடலோரத்துக்கு இது போதாது என்பது என் கருத்து.

நிலக்கோட்டையிலோ பழனி பக்கமோ அப்பாவுக்குத் தோப்பு இருந்தா, இந்த வாரமே தோட்டக்கலை அலுவலகத்தில் இந்தத் திட்டம் பற்றி விசாரிங்க.

வீட்டுக்கு 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி இருக்கு. புயல், வெள்ளம், நிலச்சரிவு, தீ எல்லாம் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தா, அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, உள்ளே இருக்கும் பொருட்களுக்கும் சேர்ந்தே கிடைக்கும். வாடகை வீட்டில் இருக்கீங்களா? பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். பைக்குக்கு தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தா வெள்ளத்தில் மூழ்கினாலும் பத்துப் பைசா வராது.

ஹோம் லோன் வாங்கும்போது பேங்க்ல கையெழுத்து வாங்கின பாலிசி எதுக்குன்னும் எடுத்துப் பாருங்க. பல பேருக்கு அது கடன் வாங்கினவர் உயிருக்கான பாலிசி மட்டும்தான். வீட்டுக்கு எதுவுமே இருக்காது.